முன்சுவருக்குத் தோல் வந்த வீடு

பெயிண்டர் வீட்டு முன்சுவருக்கு முதன்முதலாகப் புல்லரித்தது ஒரு திங்கட்கிழமை காலையில், பால்காரர் தன் சைக்கிளை அதன்மேல் சாய்த்தபோது. சைக்கிளின் இரும்பு விடிகாலைக் காற்றில் ஜில்லென்று இருந்தது. சுவர் உச்சியிலிருந்து அஸ்திவாரம் வரைக்கும் ஒரு சிலிர்ப்பு சிலிர்த்து, மேலெல்லாம் கடுகு கடுகாகப் பொரிந்து, பிறகு மெல்ல அடங்கியது. பால்காரர் சைக்கிளை நிமிர்த்திக்கொண்டு, "தெரியாம சாய்ச்சிட்டேன், மன்னிச்சுக்க" என்று சுவரிடம் சொல்லிவிட்டு, பாக்கெட்டை வாசலில் வைத்து அடுத்த வீட்டுக்குப் போனார். அன்று பால் வண்டியே தாமதம். நின்று ஆச்சரியப்பட அவருக்கு நேரமில்லை.

இதற்கெல்லாம் மூலகாரணம் பெயிண்டரின் மனைவி. அவளைத் தெருவே அண்ணி என்றுதான் கூப்பிட்டது; ஏனென்றால் அவளுடைய நாத்தனார் அப்படிக் கூப்பிட்டாள், நாத்தனாரின் குரல் எட்டாத வீடு அந்தத் தெருவில் கிடையாது. அண்ணிக்கு ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் சலவைக்கூடத்தில் வேலை. அங்கே போடுகிற பவுடர் கறையை மட்டுமா எடுக்கும், கைரேகையையும் சேர்த்தே எடுத்துவிடும். சில வருஷங்களில் அவள் உள்ளங்கை அப்படி ஆகிவிட்டது: ஒரு நாள் உப்புத்தாள் தீர்ந்துபோன அவசரத்தில் "இந்தா, இந்த ஜன்னல் கட்டையை ஒரு தடவு தடவிக் குடேன்" என்று பெயிண்டர் கேட்டதும், அவள் தடவியதும், ஜன்னல் பளிங்கு மாதிரி ஆனதும் ஊரறிந்த விஷயம். வேலை சுத்தமாக முடிந்ததில் பெயிண்டருக்குச் சந்தோஷம். அண்ணி மட்டும் அன்று சாயங்காலம் வரை தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் விற்கிற களிம்பெல்லாம் வாங்கிப் பூசிப் பார்த்தாள். யானைப் பசிக்குச் சோளப்பொரி. கடைசியில், சரி, நமக்கு வேண்டியதை நாமே காய்ச்சிக்கொள்வோம் என்று அடுப்பைப் பற்றவைத்தாள்.

காய்ச்சுவது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை, பொறுமைதான் வேண்டும். பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க விட்டு, அதற்குள் சின்னப் பாத்திரத்தை மிதக்க வைத்து, துருவிய தேன்மெழுகையும் தேங்காய் எண்ணெயையும் அதில் உருக்க வேண்டும். நேரே அடுப்பில் வைத்தால் மெழுகு கோபித்துக்கொண்டு கருகிவிடும். உருகியதை இறக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் சுடாத பதத்துக்கு ஆறவைத்து, அதே வெதுவெதுப்பில் இருக்கிற கற்றாழைச் சாறையும் பன்னீரையும் நூல் மாதிரி ஊற்றிக்கொண்டே மத்தால் கடைய வேண்டும். ஊற்றுகிறவர் அவசரப்பட்டாலும் கடைகிறவர் கை நின்றாலும் எண்ணெய் தனி, தண்ணீர் தனி என்று பங்காளிகள் மாதிரிப் பிரிந்துவிடும். அதனால் இது ஒற்றை ஆள் வேலை இல்லை. அண்ணி கடைவாள், நாத்தனார் ஊற்றுவாள்.

நாத்தனாருக்குப் பாப்பா என்று பேர். ஐம்பதைத் தாண்டி, தலையில் பாதி வெளுத்த பிறகும் பாப்பாதான். சினிமா தியேட்டரில் டிக்கெட் கொடுக்கிற வேலை. கவுண்டரில் இருந்த அரைவட்ட ஓட்டை வழியாக வாழ்நாளெல்லாம் கைகளை மட்டுமே பார்த்தவள். ஊரில் ஒரு முகம்கூட அவளுக்கு அடையாளம் தெரியாது. தெருவில் எதிரே வந்து சிரிக்கிறவரைப் பார்த்துத் திருதிருவென்று முழிப்பாள், அவர் கையை ஆட்டினால் "அடடே, நீங்களா! பால்கனி ரெண்டு!" என்பாள். அண்ணியின் க்ரீமுக்கு ஆள் பிடித்ததும் அவள்தான். டிக்கெட்டை நீட்டும்போதே, "கை என்னங்க இப்படி முதலை முதுகாட்டம் கிடக்கு? படம் எங்கயும் ஓடிப் போகாது, முதல்ல எங்க அண்ணிகிட்ட போங்க" என்பாள். அந்த ஊர்த் தியேட்டரில் பாதிப் பேர் இடைவேளைக்குப் பிறகுதான் உள்ளே நுழைந்தார்கள்.

க்ரீமைப் போட்டுவைக்க அண்ணிக்கு டப்பா தேவைப்பட்டது. பெயிண்டர் வீட்டில் டப்பாவுக்கா பஞ்சம்? சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும் முன்னால் பள்ளத்தையும் வெடிப்பையும் அடைக்க வெள்ளை வெளேரென்று பட்டி பார்ப்பார்களே, அந்தப் பட்டி வருகிற டப்பாக்கள் அடுக்கு அடுக்காகக் கிடந்தன. அவற்றைக் கழுவி, காயவைத்து, க்ரீமை நிரப்பினாள். அதுவும் வெள்ளை, இதுவும் வெள்ளை. மூடியும் ஒன்று, அலமாரியும் ஒன்று. மோந்து பார்த்தால் பன்னீர் வாசனை காட்டிக்கொடுத்துவிடும்தான். ஆனால் முப்பது வருஷமாகப் பெயிண்டில் கலந்த தின்னர் பெயிண்டரின் மூக்கை முழுசாகத் தின்று முடித்திருந்தது. பக்கத்து வீடு தீப்பிடித்து எரிந்தபோதுகூட "யாரோ கத்துறாங்க" என்று காதை வைத்துத்தான் கண்டுபிடித்தார்.

வீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெயிண்டரின் அப்பா கட்டிய வீடு அது. நூல் பிடித்து அளக்கிற வழக்கமெல்லாம் கண் சரியில்லாதவர்களுக்கு என்பது அவர் கொள்கை. கண்ணளவிலேயே கட்டினார், மற்ற வீடுகளெல்லாம் ஒழுங்காக நிற்க, இது மட்டும் வரிசையில் நிற்கத் தெரியாத ஆள் மாதிரி ஒரு முழம் தெருவுக்குள் துருத்திக்கொண்டு நின்றது. அண்ணிக்கு அதுவே அழகாகத்தான் தெரிந்தது. அவள் அப்பா வருஷத்துக்கு ஒரு வாடகை வீடு மாறியவர். பாத்திரங்களைப் பழைய சேலையில் மூட்டை கட்டுவதில் அவள் பத்து வயதிலேயே கைதேர்ந்தவள். கண்ணைக் கட்டிவிட்டாலும் குடத்துக்குள் செம்பு, செம்புக்குள் டம்ளர் என்று அடுக்கிவிடுவாள். கல்யாணமாகி இந்த வீட்டில் மூட்டையை அவிழ்த்த அன்று, "இனிமே என் உசுரு இருக்கிற வரைக்கும் பாத்திரம் கட்ட மாட்டேன்" என்று சொன்னவள், மூட்டை கட்டிய கயிற்றைத் துண்டு துண்டாக நறுக்கி அடுப்பில் போட்டாள்.

அந்த வீட்டின் முன்சுவரில்தான் ஒரு கோடையில் வெடிப்பு விட்டது. முதலில் தலைமுடி அளவு, பிறகு விரல் அளவு. அதே கோடையில் நகராட்சி அந்தத் தெருவை அகலப்படுத்துவது என்று முடிவு செய்தது. துருத்திக்கொண்டு நின்ற ஒரே வீடு இது. உறுதியாக நிற்கிற வீட்டைத் தொடக் கூடாது, ஆனால் சுவரில் உள்ளங்கை நுழைகிற வெடிப்பு இருந்தால் மொத்தத்தையும் இடிக்கலாம் என்று ஒரு விதி இருந்தது. இன்ஜினியர் வந்து ஒருமுறை பார்த்தார், விரல்களைவிட்டுப் பார்த்தார், "திங்கட்கிழமை திரும்ப வர்றேன்மா, அதுக்குள்ள முழுக் கையும் உள்ள போயிடும்" என்று வைத்தியர் நாள் குறிக்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார்.

"நான் இருக்கும்போது ஒரு வெடிப்பு என்னை மிரட்டுதா?" என்றார் பெயிண்டர். சனிக்கிழமை மத்தியானம் அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்து, தகட்டால் வழித்து வழித்து வெடிப்பை அடைத்தார். அடைத்து மிஞ்சியதைச் சுவர் முழுக்க இழுத்துத் தேய்த்தார். "இந்தத் தடவை பட்டி என்னமா வழுக்குது! கம்பெனிக்காரன் திருந்திட்டான்" என்று மெச்சினார். அது அண்ணி அன்று காலைதான் கடைந்து வைத்த க்ரீம்.

அதே மத்தியானம் பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை க்ரீம் வாங்க வந்தார். பாப்பா ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். அது பட்டி. தலைமையாசிரியை திங்கட்கிழமை காலை அதை முகத்தில் பூசிக்கொண்டு பள்ளிக்குப் போனார். முகம் வழுவழுவென்று, சுருக்கமே இல்லாமல், புதுவீட்டுக்கு வெள்ளையடித்த மாதிரி இருந்தது. ஒரே ஒரு சங்கடம், சிரித்தால் உதிர்ந்துவிடும். ஆனால் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பதால் வாரம் முழுக்க ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பள்ளியில் சத்தம் குறைந்தது என்று மட்டும் பேசிக்கொண்டார்கள். டப்பா தீர்ந்ததும் திரும்பி வந்து, "போன தடவை கொடுத்ததுதான் வேணும், மாத்திக் குடுத்துடாதீங்க" என்று கண்டிப்பாகச் சொன்னார். அதற்குப் பிறகு அவருக்கு மட்டும் பெயிண்டரே நேராகச் சப்ளை.

சுவர் விஷயத்துக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை வெடிப்பின் ஓரங்கள் சிவந்து, பொருக்குத் தட்டி நின்றன. திங்கட்கிழமை விடிகாலையில் பொருக்கு உதிர்ந்து, உள்ளே குழந்தைக் கன்னம் மாதிரி புதுத்தோல் தெரிந்தது. வெடிப்பைக் காணோம். அப்போதுதான் பால்காரர் சைக்கிளைச் சாய்த்தார். அண்ணி வெளியே வந்து சுவரைத் தொட்டாள். வெதுவெதுவென்று, சரியாக மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிற பதத்தில் இருந்தது. உள்ளே போய் அலமாரியைப் பார்த்தாள். விஷயம் விளங்கிவிட்டது.

"ஏங்க, நேத்து முந்தாநாள் சுவத்துக்கு என்ன போட்டீங்க?"

"பட்டி."

"பட்டி அலமாரியில இருக்கு. என் க்ரீமைத்தான் காணோம்."

பெயிண்டர் சுவரைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், கடைசியாகத் தொழில்காரன் கேட்கிற கேள்வியைக் கேட்டார்: "ரெண்டாவது கோட்டிங்குக்கு மிச்சம் இருக்கா?"

இன்ஜினியர் டேப்பும் சுத்தியலுமாக வந்தபோது மூன்று பேரும் வாசலில் நின்றார்கள். அவர் வெடிப்பைத் தேடினார். கையை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "என்னம்மா இது, சுவர் சுடுது?" என்றார். "வெயில்ல நிக்குதுல்ல" என்றாள் அண்ணி. "இந்தப் பக்கம் நிழல்தானே, இங்கயும் சுடுதே?" என்றார். "ரத்த ஓட்டம் நல்லா இருக்கு சார்" என்றாள் பாப்பா. இன்ஜினியர் தம் கடமைப்படி சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். டொக் என்று கேட்க வேண்டிய இடத்தில் பொத்தென்று கேட்டது.  தட்டிய இடம் மட்டும் முதலில் சிவந்து, பிறகு நீலமாகக் கன்றிப்போனது. இன்ஜினியர் அடிப்படையில் நல்ல மனுஷர், வீட்டில் இரண்டு பிள்ளைகளையும் ஒரு அடிகூட அடித்ததில்லை. சுத்தியலைப் பைக்குள் போட்டுவிட்டு, "ஐஸ் கட்டி இருந்தா கொஞ்சம் ஒத்தடம் கொடுங்க" என்றார்.

இது கட்டடப் பிரிவின் வேலை இல்லை என்று அவர் எழுதியதால் விஷயம் சுகாதாரப் பிரிவுக்குப் போய், அங்கிருந்து தோல் டாக்டரம்மா வந்தார். பெரிய கண்ணாடியை வைத்துச் சுவரை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். வயது என்ன என்றார். அறுபதைத் தாண்டிவிட்டது என்றார்கள். என்ன பூசுகிறீர்கள் என்றார், அண்ணி சொன்னாள். "வயசுக்கு நல்ல தோல். என்னோடதைவிடத் தேவலை. க்ரீமை நிறுத்தாதீங்க, நிறுத்துனா வறண்டு பழையபடி வெடிக்கும். சோப்பு வேண்டாம், ஆணி அடிக்காதீங்க" என்று எழுதிக் கொடுத்தார். போகும்போது தனக்கும் ஒரு டப்பா வாங்கிக்கொண்டார். பாப்பா மூடியைத் திறந்து, நன்றாக மோந்து பார்த்துத்தான் கொடுத்தாள்.

தோல் வந்த வீட்டில் குடியிருப்பதில் சௌகரியங்கள் நிறைய. குளிர்காலத்தில் போர்வை தேவைப்படவில்லை. கொசுக்களெல்லாம் ஆட்களை விட்டுவிட்டுச் சுவரிடம் போயின; அந்த மூன்று பேரும் நிம்மதியாகத் தூங்கினார்கள், சுவர்தான் அவ்வப்போது நெளிந்தது. பல்லிகள் கூச்சப்பட்டுப் பின்சுவருக்குக் குடிபெயர்ந்தன. யாராவது வீட்டை மெச்சிப் பேசினால் ஜன்னலுக்குக் கீழே லேசாகச் சிவக்கும். பெயிண்டருக்கு மட்டும்தான் மனசுக்குள் ஒரு முள். வருஷா வருஷம் தன் வீட்டுக்கு ஒரு புது நிறம் அடிப்பது அவருடைய விளம்பரமே. அந்த வருஷம் இளம்பச்சை அடித்தார். அடித்து முடிப்பதற்குள் சுவர் முழுக்கத் தடித்துத் தடித்து வீங்கி, விடிய விடிய அரிப்பு; உள்ளே கட்டில் ஆடியது. எல்லாவற்றையும் துடைத்தெடுத்துக் கற்றாழை பூசிய பிறகுதான் அடங்கியது. "ஊருக்கெல்லாம் அடிக்கிற கை, சொந்த வீட்டுக்கு ஒத்துக்கலையே" என்று அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் புது பிரஷ் ஒன்றை வாங்கி, அண்ணியின் க்ரீமை மேலிருந்து கீழாக, திட்டுத் தெரியாமல், இரண்டு கோட்டிங் பூசினார். கேட்டவர்களிடம் "ப்ரைமர்தான், பெயிண்ட் பின்னால வரும்" என்று சொல்லிச் சொல்லியே அடுத்த சில வருஷங்களை ஓட்டினார்.

சுவரின் பசிக்கு முன்னால் அண்ணியின் சின்னப் பாத்திரம் எம்மாத்திரம்? சலவைக்கூடத்தில் கழித்துப்போட்ட, துணி அவிக்கிற பெரிய அண்டாவைக் கொண்டுவந்தாள். பாப்பா ஏணியில் ஏறி நின்று பன்னீரை ஊற்றினாள். அண்ணி துடுப்பால் கடைந்தாள். அவளுடைய உள்ளங்கை அந்த வருஷங்களில் எப்படி ஆயிற்றென்றால், எந்தப் பாத்திரமும் கையில் நிற்காமல் வழுக்கி விழுந்தது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது நகராட்சிக்குப் புதிதாக ஒரு பெரிய ஆபீசர் வந்தார். பழைய விதி பலிக்கவில்லை என்றால் புதிய விதி போட்டால் போயிற்று என்பது அவர் கட்சி. வெடிப்பு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, ரோட்டுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டலாம் என்று உத்தரவு போட்டார். ஒரு முழம்தான். ஆனால் அந்த ஒரு முழத்தில்தான் முன்சுவர் இருந்தது, முன்சுவரின் தோளில்தான் கூரை இருந்தது. உத்தரவைச் சொல்ல வந்த இன்ஜினியர் அண்ணியின் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தார். சுவரையும் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார். "டாக்டரம்மாகிட்ட கேட்டேன்மா. வெட்டுனா ரத்தம் வரும், தைக்க ஆள் இல்லைன்னாங்க. மேல சொன்னேன். அப்ப ஆஸ்பத்திரிப் பஞ்சு நாலு மூட்டை அனுப்புறோம்னு சொல்லிட்டாங்க. நாளைக்குக் காலைல மெஷின் வருது" என்றார்.

பெயிண்டர் ஆபீஸ் ஆபீஸாக ஓடினார். பாப்பா தியேட்டர் கவுண்டரை மூடிவிட்டு வந்து, தனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் தெருமுனை வரை கேட்கும்படி வரிசையாகச் சொன்னாள்; தீர்ந்ததும் பழையதிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். அண்ணி பழைய சேலை ஒன்றை விரித்து, குடத்தை அதன் நடுவில் வைத்தாள். செம்பைக் குடத்துக்குள் போட்டாள். டம்ளரைக் கையில் எடுத்தாள். அது வழுக்கி உருண்டு சுவரோரம் போய் நின்றது. மறுபடி எடுத்தாள், மறுபடி போனது. ஒரு பாத்திரமும் மூட்டைக்குள் வர மறுத்தது. அவள் சேலையை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, அண்டாவில் இருந்த க்ரீம் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

சாயங்கால வெயிலில், பிரஷ் இல்லாமல், இரண்டு கையாலும் சுவரைத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே, சாப்பிட அடம்பிடிக்கிற பிள்ளையைத் திட்டுகிற குரலில் பேசினாள். "உன்னைக் கட்டுன மனுஷன் துருத்திக்கிட்டு நிக்கக் கத்துக்கொடுத்துட்டாரு, நீயும் நின்னுட்ட. சரி. இப்போ காலம் அப்படி இல்லை. நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து எத்தனை தடவை மூச்சை அடக்கிக்கிட்டு ஓரமா நின்னிருக்கேன், செத்தா போயிட்டேன்? ஒரு முழம். ஒரே ஒரு முழம். உன்னால முடியாதா?"

 சுவர் என்றைக்குமே பேசியதில்லை. அந்த வகையில் பெயிண்டர் குடும்பத்துச் சாயல் அதற்கு இல்லை.

காலையில் மெஷின் வந்தது. பஞ்சு மூட்டைகளும் வந்தன. பெரிய ஆபீசர் காரைவிட்டு இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கினார். இன்ஜினியர் சுண்ணாம்பால் ரோட்டில் கோடு கிழித்துக்கொண்டே வந்து, வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார். மெஷின் ஒரு உறுமல் உறுமியது. அப்போது அந்த வீடு, தெருவில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பெரிய மூச்சை இழுத்து, வயிற்றை உள்ளே எக்கிக்கொண்டது. கண்ணாடி ஜன்னல்கள் ஒருமுறை கிணுகிணுத்தன. உள்ளே பீரோ நகர்ந்து கட்டிலை இடித்தது, கட்டில் நகர்ந்து பெயிண்டரை இடித்தது, பெயிண்டர் நகர்ந்து அடுப்படி வாசலில் சிக்கிக்கொண்டார். முன்சுவர் பக்கத்து வீடுகளோடு சரியான வரிசையில், நூல் பிடித்த மாதிரி நின்றது.

இன்ஜினியர் டேப்பை நீட்டினார். கோட்டுக்கு வெளியே ஒரு விரல் அளவுகூட இல்லை. நம்பாமல் மறுபடி நீட்டினார். பாப்பா பொறுக்கமாட்டாமல் கத்தினாள்: "சீக்கிரம் அளங்க சார்! எவ்வளவு நேரம்தான் அது பிடிச்சுக்கிட்டு நிக்கும்?"

"சரியா இருக்கு" என்றார் இன்ஜினியர். பெரிய ஆபீசர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். மெஷினுக்கு அடுத்த தெருவில் வேலை இருந்தது, போய்விட்டது. பஞ்சு மூட்டைகளைத் திருப்பி எடுத்துக்கொள்ள விதி இல்லாததால் அங்கேயே இறக்கிவிட்டார்கள். பாப்பா மெத்தை தைத்துக்கொண்டாள்.

ரோடு போட்டார்கள். பஸ்ஸெல்லாம் அந்த வழியாக ஓடின. வீடு மூச்சைப் பிடித்தபடியே நின்றது. வீட்டுக்காரர்கள் பக்கவாட்டில் நடக்கப் பழகிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், வண்டிகள் குறைவு என்பதால், விடிந்ததும் வீடு மெதுவாக ஒரு பெருமூச்சு விட்டு, தன் ஒரு முழத்தை ரோட்டில் பரப்பிக்கொள்ளும். சைக்கிளில் போகிறவர்கள் மணியடிக்காமல் சுற்றிக்கொண்டு போவார்கள். நகராட்சியே அந்த இடத்தில் "ஞாயிறன்று மெதுவாகச் செல்லவும்" என்று ஒரு பலகை வைத்துவிட்டது. அண்ணி அன்று முழுக்க நிம்மதியாகக் கையை வீசி நடந்து, சுவருக்கு ஒரு கை க்ரீம் பூசுவாள். பொழுது சாய்ந்ததும் பாப்பா வாசலுக்கு வந்து, ரோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, "போதும், உள்ள இழு. கடைசி பஸ் வர்ற நேரம்" என்பாள். இழுத்துக்கொள்ளும்.